வரியைக் கட்டுகிறோம், கணக்கைக் காட்டுங்கள்

மத்திய நிதியமைச்சகத்தில் சுங்க விதிகளை வகுக்கும் அதிகாரிகளுக்கு,

சொந்த உபயோகத்துக்காக வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் பொருள்களின் சுங்க வரியை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைப்பதாக 2026 பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் அறிவித்தார். நல்ல செய்திதான். அதற்குப் பிறகு எனக்கு ஒரு பார்சல் வந்தது. குறைத்த விகிதத்தைப் போட்டார்களா, பழையதையே போட்டார்களா, இரண்டும் இல்லாமல் வேறு ஒன்றைப் போட்டார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கூரியர்காரர் நீட்டிய சீட்டில் ‘சுங்க வரி மற்றும் கட்டணங்கள்’ என்று ஒரே வரி, பக்கத்தில் ஒரு தொகை. பணத்தைக் கொடுத்தால் பெட்டி கைக்கு வரும், இல்லையென்றால் வந்த வழியே திரும்பிவிடும். வரி அதிகம் என்று புலம்ப இந்த மடலை எழுதவில்லை. எவ்வளவு, எதற்கு, எந்தக் கணக்கில் என்று சொல்லாமலே வாங்குகிறார்கள். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்தில் வயலின் சொல்லிக்கொடுக்கிறவள். வியாபாரி இல்லை. எனக்கும் என் மாணவர்களுக்கும் தந்தி வேண்டும், அதனால்தான் சுங்கச் சட்டத்தையெல்லாம் படிக்க வேண்டியதாயிற்று. கர்நாடக சங்கீதத்தில் வயலினை ஸ-ப-ஸ-ப என்று, மேற்கத்திய முறையைவிடத் தாழ்த்திச் சுருதி சேர்க்கிறோம். ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்காக விரல் தந்தியின்மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். தந்தி சீக்கிரம் தேயும், மெல்லிய பஞ்சமத் தந்தி பல நேரம் கச்சேரிக்கு முந்தின நாள் பார்த்து அறும். புதிதாகச் சேரும் பிள்ளைக்கு நம் ஊர்க் கடையில் கிடைக்கும் தந்தி போதும். மேடை ஏறும் பிள்ளைகள் ஜெர்மனியின் பிராஸ்ட்ரோ, ஆஸ்திரியாவின் தோமாஸ்டிக் என்று கேட்கிறார்கள், அந்த நாதத்தைக் கேட்டவர்கள் அவர்களைக் குறை சொல்ல மாட்டார்கள். சென்னையில் சில கடைகளில் கிடைக்கும். வேண்டிய கனத்தில் வேண்டிய நேரத்தில் கிடைப்பதுதான் அபூர்வம். வயலினே கடல் கடந்து வந்த வாத்தியம்தானே! முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்து கிட்டத்தட்ட இருநூறு வருஷம் ஆகிறது.

சரி, கணக்குக்கு வருகிறேன். கடையில் கொடுத்த விலைக்கு மட்டும் வரி போடுவதில்லை. அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் அதோடு கூட்டி வருகிற மதிப்புக்குத்தான் வரி. காப்பீட்டுத் தொகைக்குச் சான்று இல்லையென்றால் விலையில் 1.125 சதவீதம் என்று வைத்துக்கொள்வார்கள். யூரோவை ரூபாயாக்கச் சுங்கத்துக்கென்று அறிவிக்கும் ஒரு மாற்று விகிதம் உண்டு, என் வங்கி கார்டில் போட்ட விகிதம் அதோடு பொருந்தாது. இப்படி வந்த மொத்தத்துக்கு அடிப்படைச் சுங்க வரி. அந்த வரியில் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் தீர்வை. 2018-ல் கல்வி செஸ்களை எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தீர்கள். அப்புறம் மதிப்பு, சுங்க வரி, தீர்வை மூன்றையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையின்மேல் ஐஜிஎஸ்டி, அதாவது ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி. ஆக, வரிக்கும் சேர்த்து வரி.

முன்பு சொந்த உபயோகப் பொருள்களுக்கு அடிப்படை வரி 35 சதவீதம், ஐஜிஎஸ்டி 28 சதவீதம். 10,000 ரூபாய் மதிப்புள்ள பெட்டி என்றால் 3,500 சுங்க வரி, 350 தீர்வை, இவற்றையும் சேர்த்த 13,850-க்கு 3,878 ஐஜிஎஸ்டி. மொத்தம் 7,728 ரூபாய். 35-ஐயும் 28-ஐயும் கேள்விப்பட்டவர் மனக்கணக்காக 63 சதவீதம் என்று நினைப்பார், கட்டுவதோ 77.28. இந்தப் பதினான்கு சதவீத வித்தியாசத்துக்கு யாரும் ஏமாற்றினார்கள் என்று பொருள் இல்லை, சட்டமே அப்படித்தான் கணக்குப் போடச் சொல்கிறது. ஆனால் போட்ட கணக்கை எழுதிக் காட்டாவிட்டால், ஏமாற்றியதும் ஏமாற்றாததும் வாங்குகிறவருக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். விகிதங்களை இப்போது இறக்கியிருக்கிறீர்கள். சீட்டில் இருக்கும் அந்த ஒற்றை வரி மட்டும் மாறவில்லை.

எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சி கால் கிலோ துவரம்பருப்பையும் ஒரு பாக்கெட் ஊதுபத்தியையும் தனித்தனியாக எழுதி, கூட்டிக் காட்டிவிட்டுத்தான் காசு கேட்கிறார். அரசாங்கத்தின் பெயரைச் சொல்லி வாங்கும் பணத்துக்கு அந்த அளவு மரியாதைகூடக் கிடையாதா?

ஒரே கடையில், ஒரே வகைத் தந்தியை, சில மாத இடைவெளியில் இரண்டு தடவை வாங்கினேன். இரண்டுக்கும் வசூலித்த தொகையில் நல்ல வித்தியாசம். கேட்டுக் கேட்டு, விடாமல் மின்னஞ்சல் அனுப்பி, கடைசியில் இரண்டு பார்சலுக்கும் கூரியர் நிறுவனம் சுங்கத்தில் தாக்கல் செய்த பில் ஆஃப் என்ட்ரியின், அதாவது இறக்குமதி உறுதிமொழிப் படிவத்தின், நகலை வாங்கிவிட்டேன். ஒன்றில் என் தந்தி சுங்க வரிப் பட்டியலின் 9804 என்ற தலைப்பில், சொந்த உபயோகப் பொருளாக இருந்தது. இன்னொன்றில் 9209 30 00, அதாவது இசைக்கருவித் தந்திகள். தலைப்பு மாறினால் விகிதம் மாறும். எது சரி என்று வாதாட நான் வரவில்லை, இரண்டுக்கும் இடம் இருக்கலாம். யார் முடிவு செய்தார்கள், எதை வைத்து, என்னை ஏன் கேட்கவில்லை? இதற்குத்தான் பதில் இல்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசிய பெண் பாவம், ‘சிஸ்டம்ல அப்படித்தான் வந்திருக்கு மேடம்’ என்றார். அவருக்கும் தெரியாது.

இதில் எனக்கு உறைத்த விஷயம் வேறு. சட்டத்தின் கண்ணில் இறக்குமதியாளர் கூரியர் நிறுவனம் இல்லை, நான்தான். பில் ஆஃப் என்ட்ரி என்ற அந்த உறுதிமொழி என் பெயரில், என் ஆதார் நகலோடு தாக்கலாகிறது. மதிப்பில் தவறு இருந்தால் பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான். ஆனால் அதைத் தாக்கல் செய்யும் முன் என் கண்ணில் காட்டுவதே இல்லை. அங்கீகாரக் கடிதம் என்று ஒரு பக்கம் அனுப்பினார்கள். கீழே என் கையெழுத்துக்கு ஒரு கோடு, அதன் பக்கத்தில் ‘இங்கே கையெழுத்திடவும்’ என்று மஞ்சளில் அடித்த அம்புக்குறி. பொருளின் விவரம், மதிப்பு, தலைப்பு எண் எழுத வேண்டிய கட்டங்கள் எல்லாம் காலி. கேட்டதற்கு, ‘அதையெல்லாம் நாங்க ஃபில் பண்ணிக்கறோம், நீங்க சைன் மட்டும் போட்டு அனுப்புங்க’ என்றார்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதே என்று பத்திரப் பதிவுக்குப் போகும் எவருக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி அனுப்புவார்கள். இங்கே அதுவே நடைமுறை.

அந்தக் கடிதத்துக்கு முன்னால் ஒரு குறுஞ்செய்தி வரும். ‘உங்கள் பார்சல் சுங்கத்தில் நிறுத்தப்பட்டுள்ளது, கேஒய்சி ஆவணங்களைப் பதிவேற்றி, கட்டணத்தைச் செலுத்த இந்த இணைப்பை அழுத்தவும்.’ சுங்க அதிகாரி என்று சொல்லிப் பணம் பறிக்கும் மோசடிக்காரர்கள் அனுப்பும் செய்தியும் அச்சு அசலாக இதே மாதிரிதான் இருக்கிறது. இப்படி அழைப்பு வந்தால் நம்பாதீர்கள் என்று சுங்கத் துறையே எச்சரிக்கிறது. அதிகாரிகளின் கடிதப் போக்குவரத்துக்கு 2019 நவம்பர் முதல் டிஐஎன் என்ற அடையாள எண் கட்டாயம், அந்த எண்ணை இணையத்தில் சரிபார்க்கலாம். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் சாதாரண மக்களுக்கு வருவது அதிகாரியின் கடிதம் இல்லையே, கூரியரின் குறுஞ்செய்திதானே. அதில் அப்படிச் சரிபார்க்க ஒன்றும் கிடையாது. என் மாணவி ஒருத்தியின் அப்பா, ஓய்வுபெற்ற ஆசிரியர், உண்மையான செய்தியை மோசடி என்று நினைத்து அழித்துவிட்டார். பார்சல் திரும்பிப் போனது. அவரைக் குறை சொல்வதா? நீங்கள் எச்சரித்தபடிதான் அவர் நடந்துகொண்டார்.

ஆவணத்தை அனுப்பிய பிறகும் கேள்வி ஓயாது. பத்து செட் தந்தி இருக்கிறதே, வியாபாரத்துக்கா என்றார்கள். ஐஇசி எண், அதாவது இறக்குமதி ஏற்றுமதி செய்பவர்களுக்கான பதிவு எண், இருக்கிறதா என்றார்கள். வியாபாரம், உற்பத்தி, விவசாயம் எதோடும் தொடர்பில்லாமல் சொந்த உபயோகத்துக்கு இறக்குமதி செய்பவருக்கு அந்த எண் தேவையில்லை என்று விதியிலேயே இருக்கிறது. அதை எடுத்துச் சொன்னால், அப்படியென்றால் ஏன் இத்தனை என்று ஆரம்பத்துக்கே வந்தார்கள். ஒரு வயலினுக்கு நான்கு தந்தி, வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எத்தனை மாதத்துக்கு வரும் என்று கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடை ஆசிரியர்களுக்குத் தள்ளுபடி தரும். இன்வாய்ஸில் இருக்கும் விலை இணையதளத்து விலையைவிடக் குறைவாக இருக்கிறதே என்று அடுத்த கேள்வி. வங்கிக் கணக்கு அறிக்கை, கடையின் மின்னஞ்சல், திரையைப் படம் பிடித்தது என்று ஒவ்வொன்றாக அனுப்பினேன். சந்தேகம் கேட்பது உங்கள் கடமை, மதிப்பைக் குறைத்துக் காட்டுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் கேட்டிருக்கலாம். ஒன்றன்பின் ஒன்றாக அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை நாளுக்கும் கிடங்கு வாடகை என் தலையில் ஏறியது.

பார்சல் இறங்குவது டில்லியிலோ மும்பையிலோ. நான் இருப்பது காவிரிக் கரையில். நேரில் போய் ஒரு அதிகாரியைப் பார்த்து விளக்கிவிடலாம் என்றால் ரயில் டிக்கெட் தந்தியைவிட விலை அதிகம்.

இன்னொரு கொடுமையையும் சொல்லியாக வேண்டும். அந்த ஒற்றைத் தொகைக்குள் அரசாங்கத்துக்குப் போகும் வரி மட்டும் இல்லை. என் சார்பில் வரியை முன்கூட்டிக் கட்டியதற்குக் கூரியர் நிறுவனம் தனியாக ஒரு சேவைக் கட்டணம் போடுகிறது, அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி வேறு. சேவை செய்தவர் கூலி கேட்கட்டும், தப்பில்லை. ஆனால் அதையும் வரியோடு கலந்து ‘சுங்கம்’ என்று சொல்லி வாங்கினால், சபிக்கப்படுவது நீங்கள்தான். எங்கள் பக்கத்தில் ‘கஸ்டம்ஸ்ல தீட்டிட்டாங்க’ என்று ஜனங்கள் சொல்லும்போது, தீட்டியதில் எவ்வளவு உண்மையில் கஜானாவுக்கு வந்தது என்று உங்களுக்காவது தெரிய வேண்டாமா?

தவறான பொருள் வந்துவிட்டால் இன்னும் வேடிக்கை. ஒருமுறை வயலின் தந்திக்குப் பதில் வியோலா தந்தியை அனுப்பிவிட்டார்கள். வியோலா வயலினைவிடப் பெரியது, அதன் தந்தி எனக்கு உதவாது. கடைக்காரர் மன்னிப்புக் கேட்டு, திருப்பி அனுப்பச் சொல்லி, விலையை முழுதாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கட்டிய வரி? சுங்கச் சட்டத்தின் 26-ஏ பிரிவு, கேட்டபடி வராத பொருளைக் குறிப்பிட்ட காலத்துக்குள் திருப்பி அனுப்பினால் வரியைத் திரும்பப் பெறலாம் என்கிறது. 30 நாள் கெடு, அதிகாரி முன்னிலையில் பொருளை அடையாளம் காட்டுவது, ஏற்றுமதி ஆவணம், விண்ணப்பம் என்று அதற்கு ஒரு வழிமுறையும் உண்டு. கப்பலில் கொள்கலன் கொள்கலனாக இறக்குமதி செய்பவருக்கு அது சரிப்படும், தந்தி வாங்கிய வயலின் வாத்தியாருக்கு எப்படிச் சரிப்படும்? கூரியர் நிறுவனத்தில் கேட்டேன், தனிநபர் பார்சலுக்கு அந்த வசதி எங்களிடம் இல்லை என்று கையை விரித்தார்கள். சட்டம் கொடுத்த உரிமையை ஒரு தனியார் நிறுவனம் தன் வசதிக்காக இல்லை என்று சொல்ல முடிகிறது.

மேல்முறையீட்டின் கதையும் இதேதான். அதிகாரி மதிப்பீட்டை மாற்றி, இறக்குமதியாளர் அதை ஏற்காவிட்டால், 15 நாளில் காரணங்களோடு எழுத்துபூர்வ உத்தரவு தர வேண்டும் என்கிறது 17-வது பிரிவு. அதை எதிர்த்து 60 நாளுக்குள் ஆணையரிடம் முறையிட 128-வது பிரிவில் இடம் இருக்கிறது. கையில் உத்தரவும் இல்லை, பில் ஆஃப் என்ட்ரியும் இல்லை, ஒற்றை வரிச் சீட்டுதான் இருக்கிறது என்றால் எதை எதிர்த்து முறையிடுவது?

அன்பளிப்பு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் வெளிநாட்டிலிருக்கும் உறவினர் 5,000 ரூபாய் வரை மதிப்புள்ள பொருளை அன்பளிப்பாக அனுப்பினால் வரி இல்லை. 2019 டிசம்பரில் அந்தச் சலுகையை அரசு நிறுத்தியது. அன்பளிப்பு என்று பொய் சொல்லி இணையக் கடைகள் சரக்கைத் தள்ளிவிட்டதால்தான் அந்த முடிவு என்று செய்திகளில் படித்தேன், அதில் நியாயம் இருக்கிறது. உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விதிவிலக்கு வைத்தது. தங்கை அண்ணனுக்கு அனுப்பும் ராக்கிக்கு விலக்கு உண்டு, அண்ணன் தங்கைக்கு அனுப்பும் பொங்கல் சீருக்கு இல்லை. தமிழ்நாட்டு அண்ணன்மார் டில்லியில் போய் இதைச் சொல்லவில்லை போலிருக்கிறது! பொய்க்காரர்களைப் பிடிக்க எல்லாக் குடும்பத்தையும் சேர்த்து மூடிய கதவு இது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு பார்சல், ஒரு வரம்புக்குள், பெறுபவரின் ஆதாரோடு இணைத்து என்று திறந்துவிட முடியாதா?

இதெல்லாம் நடக்காத காரியம் என்று சொல்லிவிடாதீர்கள். சிங்கப்பூரில் 2023 ஜனவரி முதல், 400 சிங்கப்பூர் டாலர் வரையிலான பொருளை வெளிநாட்டிலிருந்து விமானத்திலோ தபாலிலோ வரவழைத்தால், பதிவு செய்த விற்பனையாளரே ஜிஎஸ்டியை விலையோடு சேர்த்து வாங்கிக் கட்டிவிடுகிறார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் 150 யூரோ வரையிலான பொருள்களுக்கு இதுபோல வாட் வரியை வாங்கும்போதே வசூலிக்க வழி செய்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியா 2018 ஜூலையிலேயே 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரை இதைச் செய்துவிட்டது. பெட்டி வாசலுக்கு வரும்போது அந்த வரிக்காகத் தனியே சீட்டு நீட்ட வேண்டிய வேலை இல்லை. நமக்கும் இது புதிதில்லை. வெளிநாட்டு நிறுவனங்கள் நம் வீடுகளுக்கு விற்கும் ஆன்லைன் சேவைகளுக்கு ஜிஎஸ்டியை அந்த நிறுவனங்களே பதிவு செய்து கட்ட வேண்டும் என்று 2017-லேயே சட்டம் வைத்திருக்கிறீர்கள். படம் பார்க்கும் சந்தாவுக்கு முடிவது தந்திக்கு ஏன் முடியாது?

எனவே நான் கேட்பது இவை.

சொந்த உபயோகத்துக்கு வரும் ஒவ்வொரு பார்சலுக்கும், பணம் கேட்பதற்கு முன்பே, மதிப்பு, மாற்று விகிதம், தலைப்பு எண், அடிப்படை வரி, தீர்வை, ஐஜிஎஸ்டி எல்லாவற்றையும் தனித்தனி வரியாக எழுதிய சீட்டைக் கொடுக்க வேண்டும் என்று கூரியர் நிறுவனங்களுக்கு உத்தரவிடுங்கள். அவர்களுடைய சேவைக் கட்டணம் வேறு பில்லில் இருக்கட்டும், ‘சுங்கம்’ என்ற சொல் அதில் வரக் கூடாது. அந்தக் கட்டணத்துக்கு ஓர் உச்ச வரம்பும் வையுங்கள்.

என் பெயரில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியை முன்கூட்டியே எனக்கு அனுப்பி, நான் சரி என்ற பிறகே தாக்கல் செய்ய வேண்டும். நிரப்பாத அங்கீகாரக் கடிதத்தில் கையெழுத்து வாங்குவதைத் தடை செய்யுங்கள்.

கேஒய்சி, வரி இரண்டையும் அரசின் இணையதளம் வழியாகவே முடிக்க வழி செய்யுங்கள். கூரியர் அனுப்பும் செய்தியில் பார்சலின் எண் மட்டும் இருந்தால் போதும், இணைப்பு வேண்டாம். அந்த எண்ணை நானே அரசு தளத்தில் போட்டுப் பார்த்து, அங்கேயே பணம் கட்டிக்கொள்வேன். அந்தத் தளம் தமிழிலும் இருக்க வேண்டும்.

ஆவணம் வேண்டுமென்றால் ஒரே தடவையில், எழுத்தில் கேட்க வேண்டும். அதற்குப் பிறகும் தாமதம் கேட்டவர்கள் பக்கத்தில் என்றால் அந்த நாள்களின் கிடங்கு வாடகையை வாங்குபவரிடம் வசூலிக்கக் கூடாது. எத்தனை வரை சொந்த உபயோகம் என்பதற்கு, ஆசிரியர்கள், பழுதுபார்ப்பவர்கள் போன்றவர்களையும் மனதில் வைத்து ஒரு வழிகாட்டுதலை வெளியிடுங்கள்.

தவறான பொருளைத் திருப்பி அனுப்பும் தனிநபர்களுக்கு, 26-ஏ பிரிவின்படி வரியைத் திரும்பப் பெற ஒரு பக்க விண்ணப்பம் போதும் என்று ஆக்குங்கள். கூரியர் நிறுவனம் அதை ஏற்க மறுக்க முடியாது என்றும் எழுதுங்கள்.

உறவினர் அன்பளிப்புக்கு ஆண்டு வரம்போடு விலக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள். சிறு மதிப்புப் பொருள்களுக்கு பொருளை வாங்கும் இடத்திலேயே வரியை வசூலிக்கும் முறையை அடுத்த பட்ஜெட்டுக்குள் முன்வையுங்கள்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்க முடியாது, ஏன் என்பதைப் பொது அறிவிப்பாகவே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எனக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டியதில்லை.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து ஒரு வயலின் ஆசிரியை